பத்மநாபபுரமா, திருமலை நாயக்கர் மகாலா?

பழைய அரண்மனையையும் அதற்குள் அமைந்த அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நினைக்கும் நெல்லைக்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு: தெற்கே நாகர்கோவிலைத் தாண்டித் தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரம், வடக்கே மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால். பயணத்தில் தெற்கு வழியே குறுகியது. ஆனால் தூரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

பத்மநாபபுரத்தில் அரண்மனையே முதன்மையான காட்சிப்பொருள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊரில் நிற்கும் அந்த மரக் கட்டடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டே நடக்க வேண்டும் என்பதால், கண்ணாடிபோல் பளபளக்கும் கரிய தரையின் குளிர்ச்சியைக் காலே உணர்ந்துகொள்கிறது. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டையின் வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து அத்தரையை இட்டார்கள் என்பர். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் வண்ண அபிரக (மைக்கா) சன்னல்கள் வழியே வரும் மங்கிய ஒளியையும், மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் மரச்செதுக்கு வேலையையும் எந்தப் படமும் முழுதாகக் காட்டிவிடாது. 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் இதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்தில் கற்சிலைகள், செப்பேடுகள், மரச்சிற்பங்கள் இருக்கின்றன. எனினும் படிகள் செங்குத்தாகவும் வழிகள் குறுகலாகவும் இருப்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் அங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடுவார்கள்.

மதுரையில் நிலைமை வேறு. பழைய மாளிகையின் ஒரு பகுதியே எஞ்சியிருக்கிறது. அதுவும் 1866 முதல் 1872 வரை ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் செப்பனிடப்பட்டது. செங்கல்லும் சுதையுமாக எழுந்த பெருந்தூண்களுக்கு நடுவே முற்றத்தில் நின்றால் கழுத்து தானாக நிமிரும். நாடகசாலையில் தமிழகத் தொல்லியல் துறை வைத்திருக்கும் கற்சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் தரைமட்டத்திலேயே நிதானமாகப் பார்க்கலாம். நெல்லைச் சீமையும் மதுரை நாயக்கர் ஆளுகையில் இருந்ததால், நாயக்கர் காலத்துக் கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளை அறிந்தவர்களுக்கு அந்தக் காலம் அந்நியமாகத் தோன்றாது.

சிற்பமும் கல்வெட்டும் படிப்பவர்களை மதுரைக்கும், கட்டடக் கலையை நேசிப்பவர்களையும் பிள்ளைகளையும் பத்மநாபபுரத்துக்கும் அனுப்புவேன். ஒன்றுக்கு மட்டுமே நேரமிருந்தால் பத்மநாபபுரமே என் தேர்வு. அரசர்கள் வாழ்ந்த அறைகளின் ஊடாகவே நடந்து செல்லும் அனுபவம் மகாலில் கிடைப்பதில்லை. திங்கட்கிழமை பத்மநாபபுரத்தில் விடுமுறை. மற்ற நாளில் காலையிலேயே நாகர்கோவில் பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.