காலேஜ் அக்கபெல்லா குரூப்: ஒரு வருஷம் உள்ள இருந்துட்டு எழுதுற ரிவியூ

அஞ்சுக்கு மூணரை குடுக்குறேன். ஒன்றரை எங்க போச்சுன்னு படிக்கும்போதே தெரிஞ்சிடும்.

தெரியாதவங்களுக்கு, அக்கபெல்லான்னா கீபோர்டு, கிடார், ட்ரம்ஸ் எதுவும் கிடையாது, எல்லாமே வாய்தான். 1909ல யேல் யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச விஃபன்பூஃப்ஸ்தான் இன்னிக்கும் பாடிட்டு இருக்குற அமெரிக்க காலேஜ் அக்கபெல்லா குரூப்கள்ல ரொம்பப் பழசுன்னு சொல்வாங்க, 1996ல ஆரம்பிச்ச, இப்ப ஐசிசிஏன்னு சொல்ற, காலேஜ் குரூப்களுக்குன்னே ஒரு போட்டியும் நடக்குது. அந்த வீடியோலாம் பாத்துட்டு, நடுவுல நின்னு மைக் புடிக்கப் போறது நாமதான்னு மனசுக்குள்ள படம் ஓட்டிக்கிட்டே ஆடிஷனுக்குப் போன ஆள்தான் நானும்.

ஆடிஷன் நல்லாத்தான் நடத்துனாங்க. ஒரு பாட்டுல கொஞ்சம் பாடச் சொன்னாங்க, ஸ்கேல ஏத்திக்கிட்டே போய் தொண்டை எங்க நிக்குதுன்னு பாத்தாங்க, நாலு நோட்ட வாசிச்சுக் காட்டி திருப்பிப் பாடுன்னாங்க, மூணாவதுலயே சொதப்பிட்டேன். ஆனா நெஜ டெஸ்ட் கால்பேக்லதான், அதாவது புடிச்சவங்கள மட்டும் திரும்பக் கூப்புடுற ரெண்டாவது ரவுண்டு. ஒரு சின்ன பார்ட்ட சொல்லிக் குடுத்துட்டு வேற பார்ட் பாடுறவங்களுக்கு நடுவுல நிக்க வச்சுட்டாங்க, பக்கத்துல இருக்குறவன் நம்ம காதுக்குள்ளயே வேற நோட்டப் பாடுறான், நம்ம வாய் தன்னால அவன் பின்னாடி போகுது. குரல் இனிமையா இருக்கான்னு யாரும் பெருசா கண்டுக்கல, நம்ம நோட்ட விடாம நிக்கிறோமான்னுதான் பாத்தாங்க.

செலக்ட் ஆனேன். செகண்ட் டெனர், ஆம்பளைக் குரல்ல உச்ச பார்ட்டுக்கு அடுத்த பார்ட். அதாவது செமஸ்டர் முழுக்க 'டூ', 'டிம்', 'ஜென்'. ஒரு பாட்டுல பதினோரு பார் (தாளக் கட்டம்) ஒரே நோட்டு, எண்ணியே பாத்தேன். வீட்ல ப்ராக்டிஸ் பண்றத யாராவது கேட்டா ஆள் சரியில்லன்னுதான் நெனைப்பாங்க.

ஆனா கத்துக்கிட்டது நெறைய, அதையும் சொல்லணும்ல. எல்லாரும் ஒரே நோட்டுதான் புடிப்போம், ஆனாலும் ஏதோ பிசிறடிக்கும், பாத்தா ஒருத்தர் 'ஆ'ன்னு வாயத் திறப்பாரு இன்னொருத்தர் அதையே 'ஓ' மாதிரி குவிப்பாரு, வாய ஒரே மாதிரி வச்சதும் பிசிறு போயிடும். மூச்சும் எல்லாரும் ஒண்ணா எடுக்கக் கூடாது, பக்கத்துல இருக்குறவன் எடுக்காத நேரமாப் பாத்து எடுக்கணும், அப்பதான் கேக்குறவங்களுக்கு நீளமா ஒரே இழுப்பா வரும். இன்னொண்ணு, மேஜர் கார்டுல (கார்டுன்னா ஒரே நேரத்துல சேந்து ஒலிக்கிற சுரங்கள்) மூணாவது சுரத்த கீபோர்டுல கேக்குறத விட சுமார் 14 சென்ட் கீழ வச்சா (கீபோர்டுல ஒரு கட்டைக்கும் ஒட்டி இருக்குற அடுத்த கட்டைக்கும் நடுவுல அர நோட்டு, அது 100 சென்ட்) கார்டு அப்படியே ரீங்காரம் போடும். எங்க மியூசிக் டைரக்டர் இதச் சொன்னப்ப சும்மா அளந்து விடுறாருன்னு நெனச்சேன், ஒரு நாள் கரெக்டா உக்காந்துச்சு, யாருமே பாடாத ஒரு மேல் சுரம் தனியா கேட்டுச்சு, ஒரு மாதிரி சிலிர்த்துடுச்சு.

இப்ப கம்ப்ளெய்ன்ட். ரெண்டு மணி நேரம் ரிகர்சல்னு சொல்லித்தான் சேத்தாங்க, ஒரு நாள் கூட ரெண்டுல முடியல, ஷோ வாரத்துல தினமும் வேற. எக்ஸாம் இருக்குன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவாங்க. சோலோ யாருக்குன்னு ஓட்டுப் போடுவோம், ஆனா ரிசல்ட் வந்தா அதே ரெண்டு சீனியர்தான். அந்த ஒன்றரை ஸ்டாரும் இங்கதான் போச்சு. பீட்பாக்ஸ், அதாவது வாயாலயே ட்ரம்ஸ் சத்தம் பண்றவங்களுக்கு மட்டும் எப்பவும் ராஜ மரியாதை, ஏன்னா குரூப்புல அவங்கள மாதிரி ஆள் கெடைக்கிறது கஷ்டம்.

பாத்ரூம் சிங்கர்னு கூச்சப்படுறவங்க தாராளமா போங்க, லீட் பாடியே ஆகணும்னா வேற எடம் பாத்துக்கோங்க. போறவங்க ஃபோன்ல உங்க பார்ட்ட ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க, ரெண்டு நாள்ல சுத்தமா மறந்துடும்.

கடைசி ஷோவுல கடைசி கார்டு, செம்மையா உக்காந்துச்சுன்னு எல்லாரும் கட்டிப் புடிச்சுக்கிட்டோம், உள்ள வந்ததும் எவனோ பிட்ச் பைப்ப (சரியான சுரம் குடுக்குற சின்ன ஊதுகுழல்) ஊதிப் பாத்தான். அர நோட்டு எறங்கியிருந்தோம்.