ஏப்ரல் வெயிலுக்கு மால்டாவா, செவில் நகரமா?

சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் ஐரோப்பா செல்ல விரும்பும் சுங்கை சிப்புட் தம்பதியர், மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டா, ஸ்பெயினின் செவில் நகரம் ஆகிய இவ்விரண்டில் எது என்று கேட்டனர். இரண்டும் ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லைப் பகுதியான ஷெங்கனில் உள்ளதால், மலேசியக் கடப்பிதழ் உடையோருக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை.

வெப்பம்: செவிலில் பகலில் ஏறத்தாழ 23 பாகை.
மால்டாவில் 20 பாகையை ஒட்டியது. கடல்நீரோ குளிர்ந்தே இருக்கும் என்பதால், நீந்துவதற்காக மட்டும் அங்கே செல்ல வேண்டாம்.

செலவு: செவிலில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் அதன்பின் வரும் ஏப்ரல் திருவிழாவிலும் அறை வாடகை வெகுவாக உயரும்.
மால்டாவில் அத்தகைய ஏற்றம் குறைவு.

எளிமை: மால்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழி, நம் நாட்டைப் போலவே வாகனங்கள் இடப்புறம் ஓடுகின்றன, மூன்று முனைச் செருகியும் அப்படியே பொருந்தும்.
செவிலில் சிறிதளவு ஸ்பானியம் தெரிந்திருப்பது நல்லது.

உணவு: செவிலில் பன்றி இறைச்சி மிகுதி.
மால்டாவில் பட்டாணி அடைத்த பஸ்திட்சி, நம் கறிபாப்பைப் போல, மலிவாகக் கிடைக்கும்.

முதன்முறை செல்வோருக்கும் தாமே கார் ஓட்ட விரும்புவோருக்கும் மால்டா ஏற்றது. அல்காசர் அரண்மனையையும், இரயிலில் சென்று கிரனாடா நகரின் அல்ஹம்பிரா கோட்டை அரண்மனையையும் நிதானமாகக் காண விழைவோர், திருவிழா நாள்களைத் தவிர்த்துச் செவிலுக்கே செல்லலாம். அல்ஹம்பிராவுக்கு நுழைவுச்சீட்டை முன்னதாகவே வாங்கிவிட வேண்டும்.