டிரெய்லர் இழுப்பவருக்கு எந்த ஜிபிஎஸ்: போனா, தனிக் கருவியா?

தங்கும் வசதியுள்ள டிராவல் டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு அமெரிக்காவிலோ கனடாவிலோ நெடும்பயணம் போகத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே இந்தக் கேள்வி வரும்: கையில்தான் போன் இருக்கிறதே, தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி எதற்கு? எங்கள் வீட்டில் இதைப் பேசிப் பேசி, கடைசியில் தனிக் கருவியே வாங்கினோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஏன் சாய்ந்தேன் என்று சொல்கிறேன். உங்கள் வண்டிக்கும் நீங்கள் போகும் ஊர்களுக்கும் அது பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் மூன்று வழிகள். எல்லோர் போனிலும் இருக்கும் கூகுள் மேப்ஸ், வேஸ், ஆப்பிள் மேப்ஸ் முதல் வகை. பெரிய வண்டிகளுக்கென்றே வந்த ஆர்வி லைஃப், கோபைலட் போன்ற சந்தா செயலிகள் இரண்டாவது. கார்மினின் ஆர்வி (வீட்டு வண்டி) வரிசை போன்ற தனிக் கருவிகள் மூன்றாவது. அவற்றில் 895 என்ற மாடலுக்கு 8 அங்குலத் திரை, 1095 என்ற மாடலுக்கு 10 அங்குலத் திரை.

தெரிந்த விஷயங்களை நீட்ட வேண்டாம். போனுக்குத் தனிச் செலவில்லை, கருவிக்குச் சில நூறு டாலர் ஆகும். கருவியின் திரை பெரிது, ஒரு பார்வையில் விளங்கிவிடும். முன்கண்ணாடி ஓரம் வெயிலில் மாட்டிவைத்த போன் சூடேறினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவதும் நின்றுபோகும். சிக்னல் இல்லாத மலைப்பகுதிக்கு மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, அதற்குச் செல்போன் கோபுரம் தேவையில்லை. சிக்னல் போனால் கிடைக்காமல் போவது மேப்தான். முதல் நாளே மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் போனும் வழி சொல்லும். ஆனால் இணைப்பில்லாதபோது கூகுள் மேப்ஸ் நெரிசலையும் காட்டாது, மாற்று வழியும் தராது. தனிக் கருவியில் மேப் முழுவதும் உள்ளேயே இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

அடுத்தது உயரம். கூகுள் மேப்ஸிலும் வேஸிலும் வண்டியின் உயரத்தைச் சொல்ல இடமே கிடையாது. அவற்றைப் பொறுத்தவரை நீங்கள் ஓட்டுவது ஒரு கார். டிரெய்லர் கூரையில் இருக்கும் ஏசியையும் சேர்த்தால் சாதாரணமாகப் பத்தரை அடியிலிருந்து பதினொன்றரை அடி வரை வரும். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் இதனால் தொல்லை இல்லை. அங்கே பாலங்களுக்கு அடியில் நகருக்கு வெளியே 16 அடியும் நகருக்குள் 14 அடியும் இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் சிக்கல்.

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரத்தில் இருந்தது. அதில் மோதிக் கூரை உரிந்த வண்டிகள் ஏராளம். 2019-ல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். அப்புறமும் லாரிகள் மோதத்தான் செய்கின்றன. நியூயார்க் பகுதியின் பார்க்வேக்கள் பல 1920-களிலும் 30-களிலும் கார்களுக்காகவே போடப்பட்டவை, தாழ்வான கல் வளைவுப் பாலங்கள் கொண்டவை. அவற்றில் பலவற்றில் டிரெய்லர் போகவே கூடாது. கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் டிரெய்லருக்குத் தடை, 8 அடிக்கு மேல் உயரமான வண்டிக்கும் தடை. ஆனால் காருக்கான மேப்பில் இவை நல்ல வேகமான சாலைகள், அதனால் அந்த வழியாகவே அனுப்பும்.

உயரத்தோடு கேஸ் டேங்கையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கப் பாதைகளிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் டேங்கைக் கொண்டுபோக முடியாது. டிரெய்லரின் முன்னால் மாட்டியிருப்பது 20 அல்லது 30 பவுண்டு டேங்க். கார் மேப்புக்கு இதைச் சொல்லவும் வழியில்லை.

உயரம், நீளம், எடை, புரொப்பேன் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு வழி போடுவதில் சந்தா செயலிகளும் தனிக் கருவியும் கிட்டத்தட்ட சமம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடும் ஆஸ்மாண்ட் என்ற செயலியிலும் உயரமும் எடையும் கொடுக்கலாம். அங்கே பாலத்தின் உயரத்தைப் பதிவது தன்னார்வலர்கள் என்பதால் சில ஊர்களில் நுணுக்கமாக இருக்கும், சில ஊர்களில் ஒன்றுமே இருக்காது. ஆகவே போனை விட்டுத் தனிக் கருவிக்கு வர இது மட்டும் போதாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. முதல் நாள் இரவு நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த வழியை, மறுநாள் ஓட்டும்போது தானாக மாற்றாமல் கடைசிவரை வைத்திருக்கிறதா என்பதுதான் அது.

காரில் போகும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. தவறான திருப்பம் என்றால் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடலாம். 25 அடி டிரெய்லரையும் முன்னால் பிக்கப்பையும் சேர்த்தால் 45 அடியாவது வருகிறது. இருவழிச் சாலையில் யூ-டர்ன் என்ற பேச்சே இல்லை. பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்க, கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது அனுபவசாலிக்கே கடினம். அதனால் டிரெய்லர்க்காரர்கள் வழியை ஓட்டும்போது முடிவு செய்வதில்லை. கிளம்புமுன் உட்கார்ந்து, எந்த பெட்ரோல் பங்கில் நுழைந்து நேராக வெளியே வரலாம், எந்த ஊருக்குள் திருப்பம் குறுகல், எங்கே சரிவு அதிகம் என்று பார்த்து முடிவு செய்கிறோம்.

ஐடஹோ ஃபால்ஸிலிருந்து வயோமிங்கின் ஜாக்சனுக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கு வழி விக்டர் ஊரைத் தாண்டி டீட்டன் கணவாய் ஏறி இறங்குகிறது. அங்கே சரிவு 10 சதவீதம், அதாவது 100 அடி போவதற்குள் 10 அடி இறக்கம். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடியும்வரை டிரெய்லருக்கு அங்கே அனுமதியே இல்லை. கோடையில் அனுமதி உண்டு, ஆனால் பாரத்தோடு இறங்கினால் பிரேக் சூடேறி மணக்கத் தொடங்கும். இன்னொரு வழி ஸ்வான் வேலியிலிருந்து நேராக ஆல்பைன் போய், ஸ்னேக் ஆற்றின் பள்ளத்தாக்கு ஓரமாக ஜாக்சன் சேர்கிறது. சற்றே நீளம், ஆனால் சாதுவான சாலை. டிரெய்லரோடு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

இந்த ஆல்பைன் வழியைப் போனில் தேர்ந்து வைத்துக் கிளம்புகிறீர்கள். போகும்போது செயலி ஓயாமல் இன்னும் வேகமான வழியைத் தேடிக்கொண்டிருக்கும். கிடைத்ததும் திரையில் ஒரு அறிவிப்பு வரும். சில நொடிக்குள் வேண்டாம் என்று தொடாவிட்டால், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். அந்தச் சில நொடியில் ஓட்டுகிறவரின் இரு கையும் ஸ்டியரிங்கில், கண் பக்கக் கண்ணாடியில். திரையில் கோட்டின் நிறம் மாறாது, குரலும் மாறாது. ஸ்வான் வேலியில் இடப்பக்கம் திரும்பு என்று சொல்லும்போதுதான் தெரியும். அங்கிருந்து கணவாய்க்கு முன்னால் டிரெய்லரைத் திருப்ப நல்ல இடம் தேட வேண்டும்.

இதற்குச் சிலர் மாற்று செய்கிறார்கள். கணினியில் வழிக்கோட்டைப் பிடித்து இழுத்து, வேண்டிய சாலையில் வைத்துப் போனுக்கு அனுப்புவார்கள். போனில் திறந்ததும் பல நேரம் அது புதிதாகக் கணக்குப் போட்டுப் பழைய வழிக்கே போய்விடும். நடுவில் நிறுத்தங்களாகச் சேர்க்கலாம், கூகுள் மேப்ஸ் ஒன்பது வரை ஏற்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வந்து சேர்ந்ததாக அறிவிக்கும், நாள் முழுக்க ஓட்டும் வழிக்கு ஒன்பது போதவும் போதாது.

தனிக் கருவியில் இதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. பயணத்தைத் திட்டமிடும்போது, நிற்க வேண்டிய இடம் வேறு, வெறுமனே கடந்துபோக வேண்டிய புள்ளி வேறு என்று பிரித்துக் குறிக்கலாம். ஆல்பைனைக் கடக்கும் புள்ளியாக வைத்தால் அங்கே வந்தோம் என்று அறிவிக்காது, அந்த வழியாக அழைத்துப்போகும், அவ்வளவுதான். பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால் அடுத்த வருடமும் அதே வழி அப்படியே இருக்கும். வழி தவறி வெளியே வந்தால் கருவியும் மறுபடி கணக்குப் போடத்தான் செய்யும், ஆனால் அடுத்த புள்ளியை நோக்கித் திருப்பிக் கொண்டுவரும். இந்த ஒரு குணத்துக்காகவே அந்தப் பணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

கருவி தோற்கும் இடமும் உண்டு: சாலை திடீரென்று மாறும்போது. 2024 ஜூன் 8-ஆம் தேதி அதே டீட்டன் கணவாய்ச் சாலையில் ஒரு பகுதி மண்சரிவில் அப்படியே இடிந்து இறங்கியது. ஜூன் 28-ல்தான் தற்காலிகச் சாலை போட்டுத் திறந்தார்கள். அதே வருடம் மார்ச் 26-ல் பால்டிமோரில் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் கப்பல் மோதி விழுந்தது. சுரங்கத்தில் போக முடியாத புரொப்பேன் வண்டிகள் அதுவரை போனது அந்தப் பாலத்தின் மேல்தான். இப்படி ஒன்று நடந்தால் போன் செயலிகள் உடனுக்குடன் தெரிந்துகொள்ளும். கருவியின் மேப் வருடத்தில் சில தடவைதான் புதுப்பிக்கப்படும். பழைய மேப்போடு கிளம்பியவரை, விழுந்துபோன பாலத்தை நோக்கித்தான் அது அழைத்துப் போகும், அதுவும் புரொப்பேனுக்குச் சரியான வழி என்று.

அதனால் நாங்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறோம். வழி சொல்வது கருவி. பக்கத்தில் உட்காருகிறவர் கையில் போன். விபத்து, மூடிய சாலை, சாலை நிலவரம் சொல்லும் மாநிலங்களின் 511 சேவை எல்லாம் அவர் பொறுப்பு. இறங்க வேண்டிய கேம்ப்கிரவுண்டின் நுழைவாயிலைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கவும் போனை மிஞ்ச ஒன்றுமில்லை. முகவரியை மட்டும் நம்பினால் எந்தக் கருவியும் பின்பக்கத்துப் பூட்டிய கதவில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

எந்த வகையை வாங்கினாலும் அதற்கு நீங்கள் கொடுக்கும் எண் சரியாக இருக்க வேண்டும். விளம்பரப் புத்தகத்தில் போட்ட உயரத்தை எடுத்து எழுதாதீர்கள். சமதரையில், பிக்கப்போடு மாட்டிய நிலையில், டயரில் காற்று சரியாக இருக்கும்போது அளக்க வேண்டும். ஏணியில் ஏறி, கூரையில் எது மிக உயரமோ, பெரும்பாலும் ஏசியின் மூடி, அதன்மேல் ஒரு நேரான பலகையை வைத்து ஓரத்துக்கு வெளியே நீட்டி, மட்டம் பார்த்து, பலகையின் அடியிலிருந்து தரைவரை டேப்பை விடுங்கள். அதோடு சில அங்குலம் சேர்த்துக் கருவியில் கொடுங்கள். கனடாவில் பலகைகள் மீட்டரில் இருக்கும், 11 அடி 6 அங்குலம் என்பது அங்கே மூன்றரை மீட்டர். இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதி வெயில் மறைப்பில் ஒட்டிவிட்டால் பாலத்துக்கு முன்னால் கணக்குப் போட வேண்டியதில்லை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பில் மட்டும் சுற்றும்போது கார் அமைப்புக்கு மாற்றினால், மறுநாள் புறப்படுமுன் டிரெய்லர் அமைப்புக்கு மாற்றியாயிற்றா என்று பார்ப்பதை ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) சரிபார்ப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் சாலையோரப் பலகைக்குத்தான் முதல் மரியாதை. கருவி எச்சரிக்கவில்லை என்றால் பாலம் போதுமான உயரம் என்று அர்த்தமில்லை. அந்தப் பாலத்தின் உயரம் மேப்பில் ஏறாமலே இருந்திருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சந்தா செயலிகளை நண்பர் ஒருவரின் வண்டியில் போனபோது மட்டுமே பார்த்திருக்கிறேன், அதனால் அளவோடு சொல்கிறேன். வீட்டில் பெரிய திரையில் திட்டமிட்டு அதையே போனில் திறப்பது சுகமாக இருக்கிறது. கேம்ப்கிரவுண்ட் பற்றி மற்றவர்கள் எழுதிய குறிப்புகள் கருவியைவிட அங்கே அதிகம். உங்கள் பிக்கப்பில், போன் செயலியை வண்டியின் திரையில் காட்டும் கார்ப்ளேவோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ நல்ல பெரிய திரையோடு இருந்தால், சூடு, சின்னத் திரை என்று போனைப் பற்றி நான் சொன்ன குறைகளில் பாதி அங்கேயே அடிபட்டுப்போகும். வருடத்தில் ஓரிரு மாதம் மட்டும் பயணம் போகிறவர்கள் முதலில் ஒரு வருடச் சந்தா எடுத்துப் பார்க்கலாம். பிக்கப்பின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை நான் இழுத்ததில்லை. அது 13 அடியைத் தொடும், அந்த உயரத்துக்கு வழி பார்ப்பதில் அதை ஓட்டுகிறவர்கள் சொல்லைக் கேளுங்கள்.

தெரிந்த ஒரே ஏரிக்கரைக்கு ஒரே நெடுஞ்சாலையில் போய்வருகிறவர் எதையும் வாங்க வேண்டாம், போன் போதும். தனிக் கருவியைப் பழையதாக வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் நேரிலேயே பாருங்கள்: அந்த மாடலுக்கு மேப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா, கையில் இருக்கும் மேப் எந்த வருடத்தது. புதுப்பிப்பு மணிக்கணக்கில் இழுக்கக்கூடியது, கேம்ப்கிரவுண்டு வைஃபையில் முடியாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுவிடுங்கள்.