"ஒரே நாளில் மூன்று சவால்": பினாங்கு தேசியப் பூங்கா நடைப்பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

இதை எழுதாமல் ஐந்து வாரம் பொறுத்திருந்தேன். பயணத்தை நடத்தியவர்கள் பணத்தைத் திருப்பித் தருவார்கள், இல்லாவிட்டாலும் அதில் அடிபட்ட என் கணவரின் அக்காவை நேரில் வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. அதே ஆட்கள் அடுத்த மாதத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று நேற்றுத் தெரிந்தது. இனியும் வாயைமூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் எங்கள் குடியிருப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் "ஒரே நாளில் மூன்று சவால்" என்ற அந்த விளம்பரம் வந்தது. தலைக்கு 140 வெள்ளி (ரிங்கிட்). பட்டர்வொர்த்திலிருந்து வேன், உரிமம் பெற்ற வழிகாட்டிகள், படகு, மதியச் சாப்பாடு, விபத்துக் காப்புறுதி எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் தெலுக் பகாங் நுழைவாயிலிலிருந்து மலையேறி இறங்கி பந்தாய் கெராச்சுட் கடற்கரை, அங்கிருந்து தெலுக் காம்பி போய்த் திரும்புவது, பிறகு படகில் முனையைச் சுற்றி மங்கி பீச், கடைசியாக 1883இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் வரை ஏற்றம். திட்டத்தைப் படித்தபோது அனுபவமுள்ளவர்கள் போட்டது போலத்தான் இருந்தது.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், 19 வயது மகன், 16 வயது மகள், கணவரின் அக்கா. அக்காவுக்கு 54 வயது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார். விடியற்காலையில் தினமும் நடப்பவர். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் கெராச்சுட்டைப் பார்த்ததில்லை. பச்சைக் கடலாமைகளின் முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் நிலையத்தையும், மேலே நன்னீரும் அடியில் கடல்நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் கிடக்கும் அந்த ஏரியையும் பார்க்க ஆசைப்பட்டார். ஐந்து பேருக்கு 700 வெள்ளி. எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரை அழைத்து, அக்கா மெதுவாகத்தான் ஏறுவார், சரிவருமா என்று கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பயப்படாதீங்கக்கா. நம்ம ஆளு ஒருத்தர் எப்பவும் கடைசி ஆளோடதான் வருவாரு. அதுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குறோம்."

அந்த ஒரு வாக்கை நம்பித்தான் பணம் அனுப்பினேன். நிறுவனத்தின் பெயரில் அல்ல, ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு. போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தேன், புகார் எதுவும் இல்லை என்று வந்தது. அதற்கு மேல் நான் ஆராயவில்லை. அந்தக் கணக்கைப் பற்றி அதுவரை யாரும் போலீசுக்குப் போகவில்லை என்பதைத்தான் அது காட்டும். அந்த ஆளுக்குப் பயணம் நடத்த உரிமம் இருக்கிறதா என்பதைக் காட்டாது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வேன்கள், மொத்தம் 27 பேர். எங்கள் வேன் 45 நிமிடம் தாமதம். நாங்கள் போய்ச் சேரும்போது முதல் வேனில் வந்தவர்கள் பதிவை முடித்துவிட்டு நின்றார்கள். "எல்லாம் செட்டில் ஆச்சு, படம் எடுத்துட்டுக் கிளம்பலாம்" என்றார்கள். ஏற்பாட்டாளர் வரவில்லை. வழிகாட்டி என்று வந்தவர்கள் இருபது வயதைத் தாண்டாத இரண்டு தம்பிமார்கள். உரிம அட்டை எங்கே என்று கேட்டேன். "வேன்ல இருக்குக்கா." அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் கடலோரமாக மங்கி பீச்சுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் போகும். இடப்பக்கம் மேட்டில் ஏறி மறுபுறம் கெராச்சுட்டில் இறங்கும். நிழல் உண்டு, ஆனால் காற்றே இல்லை. வேர்களைப் படிக்கட்டாக மிதித்து ஏறும்போது சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். முன்னால் போன தம்பி வேகமாக நடக்கிறவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார், என் பிள்ளைகளும் அவரோடு. பின்னால் வர வேண்டியவர், முன்னே ஒருவரிடம் மருந்துப்பை இருக்கிறது, வாங்கி வருகிறேன் என்று போனார். அதன் பிறகு அவரை நான் பார்த்தது பிற்பகல் இரண்டு மணிக்கு.

கெராச்சுட் பக்கம் இறங்கும்போது, முந்தின இரவு மழையில் ஊறிய வேரில் அக்காவின் கால் வழுக்கியது. விழுந்த விதத்திலேயே சாதாரணச் சுளுக்கு இல்லை என்று புரிந்தது. கணவர் கத்திக் கூப்பிட்டார். பதில் இல்லை. கைப்பேசியில் அலைவரிசை இல்லை. எங்களிடம் ஒரு துணிக்கட்டுகூட இல்லை. வேறு குழுவில் வந்த இரண்டு சீன இளைஞர்கள்தான் தங்கள் பையிலிருந்து கட்டுத்துணி எடுத்துக் கணுக்காலைச் சுற்றிக் கட்டினார்கள். ஒருவர் தன் நடைக்கோலைக் கொடுத்தார். இன்னொருவர் அக்காவின் மறுதோளைத் தாங்கிக் கடற்கரைவரை கொண்டுவந்து விட்டார். அந்தப் பிள்ளைகளின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கடற்கரையில் எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. மற்றவர்கள் காம்பிக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டரைக்குப் படகு வரும், சாப்பாடும் அதிலேயே வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி ஆயிற்று. வேறு ஒரு குடும்பத்தை இறக்கிவிட வந்த படகோட்டி பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவரிடம்) போய்க் கேட்டேன். அவர் துறையில் இருப்பவர்களிடம் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: அந்தப் பெயரில் யாரும் இன்றைக்குப் படகு சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் காம்பியிலிருந்து மற்றவர்கள் திரும்பினார்கள். பசி, தாகம். தலைக்கு ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல்தான் கொடுத்திருந்தார்கள். "பாஸ் பார்த்துப்பாருக்கா" என்பதற்கு மேல் அந்தத் தம்பிகளுக்கு எதுவும் தெரியவில்லை. அவர்களை விசாரித்ததில் ஒருவர் வாழ்நாளில் இந்தப் பூங்காவுக்கு வந்தது இது இரண்டாவது முறை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைய நாள்கூலிக்கு வந்த பிள்ளைகள்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்டோபரில் பினாங்கில் பிற்பகல் இடிமழை புதிதல்ல, திட்டம் போட்டவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பாக்சிக் மிதவை அங்கி இருக்கும் அளவுக்குத்தான் ஏற்றுவேன் என்றார், அவர் சொன்னது நியாயம். அக்கா, நான், முடியாமல் உட்கார்ந்துவிட்ட இன்னும் சிலர் ஏறினோம். நூறு வெள்ளியை எங்கள் கையிலிருந்து கொடுத்தோம். மற்றவர்கள் வந்த வழியே நடந்தே திரும்ப வேண்டியதாயிற்று. கணவரும் என் இரண்டு பிள்ளைகளும் அவர்களோடு.

மழை கொட்டத் தொடங்கியபோது நான் நுழைவாயில் அலுவலகத்தில் நின்றேன். உள்ளே இருப்பவர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று போனேன். அதிகாரி பதிவைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் குழுவில் 14 பெயர்கள். முதல் வேனில் வந்தவர்கள் மட்டும். இரண்டாம் வேனில் வந்த 13 பேரை யாரும் எழுதவே இல்லை.

எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். காட்டுக்குள் போனவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கத்தான் அந்தப் பதிவு. இடியும் மழையுமாக இருந்த அந்தக் காட்டுக்குள் என் மகள் இருந்தாள். அவள் அங்கே இருக்கிறாள் என்பதற்கு ஒரு காகிதத்திலும் அடையாளம் இல்லை. அன்று நான் படகில் வராமல் இருந்திருந்தால், 14 பேர் வெளியே வந்ததும் கணக்கு முடிந்தது என்று விட்டிருப்பார்கள். அதிகாரி உடனே மீதிப் பெயர்களை எழுதிக்கொண்டு இரண்டு பேரைப் பாதையில் அனுப்பினார். ஆறு மணிக்குக் கடைசி ஆள் வெளியே வந்தார். கலங்கரை விளக்கத்தைப் பற்றி யாரும் கேட்கக்கூட இல்லை.

அக்காவுக்குக் கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. வேலைக்குப் போனால்தான் கூலி. சரி, காப்புறுதி இருக்கிறதே என்று பத்திர எண் கேட்டேன். நான்கு நாள் கழித்து ஓர் எண் அனுப்பினார்கள். காப்புறுதி நிறுவனத்தை அழைத்துக் கேட்டால், அப்படி ஓர் எண்ணே இல்லை.

பணத்தைக் கேட்டதற்கு வந்த பதில்: "சவால்னு போஸ்டர்லயே போட்டிருந்தோமே அக்கா." அடுத்த பயணத்தில் தலைக்கு 30 வெள்ளி கழிவு தருகிறார்களாம்.

இதற்குத்தான் நான் பதில் சொல்ல விரும்புகிறேன். ஏற்றம் செங்குத்தாக இருந்தது, கால் வலித்தது, வியர்த்தது என்று நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குத்தான் போனோம். அந்த மலையில் ஏற யாருக்கும் 140 வெள்ளி தேவையில்லை. பேருந்து பிடித்து தெலுக் பகாங்கில் இறங்கிப் பதிந்துவிட்டு நாங்களே நடந்திருக்கலாம். நாங்கள் காசு கொடுத்தது கடைசியில் வரும் ஆளுக்காக, படகுக்காக, காப்புறுதிக்காக. சவாலை மலை கொடுத்தது. இவர்கள் கொடுக்க வேண்டியது எதுவுமே வரவில்லை.

பிறகு விசாரித்ததில் தெரிந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் கேட்டபோது அவர்கள் எனக்கு அனுப்பியது எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவுச் சான்றிதழ். அது வியாபாரத்தைப் பதிந்ததற்கான காகிதம், அவ்வளவுதான். சுற்றுப்பயணம் நடத்திப் பணம் வாங்க 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். வழிகாட்டிக்கும் தனி உரிமம் உண்டு. ஆகவே யாராவது எஸ்.எஸ்.எம். காகிதத்தைக் காட்டினால் அதோடு திருப்தி அடையாதீர்கள். சுற்றுலா உரிம எண்ணைக் கேட்டு வாங்கி அமைச்சிடமே உறுதி செய்யுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பயணத்துக்கு முன்பே பாருங்கள், பத்திர எண்ணைக் காப்புறுதி நிறுவனத்திடமே கேளுங்கள். நுழைவாயிலில் யார் என்ன அவசரப்படுத்தினாலும் உங்கள் வீட்டார் ஒவ்வொருவர் பெயரும் பதிவில் ஏறியதைக் கண்ணால் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள்.

நான் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் ஐந்து வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளிவரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ரசீதும் புலன உரையாடலும்தான் என் ஆதாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் உரையாடலை அழித்துவிடாதீர்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள். இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம்.

மற்றவர்களுக்கு ஓர் அடையாளம். நேற்று வந்த புதிய விளம்பரத்தில் அவர்கள் போட்டிருப்பது எங்கள் படம். அன்று காலை நுழைவாயிலில் எடுத்தது. முன்வரிசையில் நீலத் தொப்பி போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவர்தான் அக்கா. அந்தப் படம் உங்கள் குழுவுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள். எனக்கு அனுப்புங்கள்.