‘மூன்று மாதத்தில் ஃபிடே ரேட்டிங்’ வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வேலைக்குப் போகும் பெரியவர்களைக் குறிவைத்து, மூன்று மாதத்தில் ஃபிடே ரேட்டிங் (உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஆட்டத்திறனுக்குத் தரும் எண்) கிடைக்கும் என்று ஒரு செஸ் வகுப்பு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்று மாதக் கட்டணம் 18,000 ரூபாயையும் ஒரே தடவையில் வங்கியில் போடச் சொல்கிறார்கள். பற்றுச்சீட்டு தருவதில்லை. காசு கட்டியவர்கள் கையில் இப்போது இருப்பது ஒரு சான்றிதழ், ஒரு ஃபிடே இலக்கம், ஒரு பிடிஎஃப்.

சான்றிதழில் ‘ரேட்டிங் 1500’ என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. இணையத்தில் செஸ் ஆடும் தளமான லிச்செஸில் புதிதாகக் கணக்குத் திறக்கும் எவருக்கும், ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, 1500தான் தொடக்கம். எண் இன்னும் உறுதியாகவில்லை என்பதற்கு அருகில் ஒரு கேள்விக்குறி இருக்கும். சான்றிதழில் அந்தக் கேள்விக்குறியை மட்டும் காணவில்லை! அந்தத் தளமோ முழுக்க இலவசம்.

ஃபிடே இலக்கம் என்பது வெறும் பதிவு இலக்கம். ஃபிடேயின் ரேட்டிங் பக்கத்தில் அதைத் தட்டிப் பாருங்கள், ரேட்டிங் இல்லை என்றே காட்டும். ரேட்டிங் வரவேண்டுமானால், ஃபிடேயில் முறையாகப் பதிவான போட்டிகளில், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச் 1 முதல் அடிமட்டம் 1400. கணக்கு அதற்குக் கீழே போனால் பட்டியலில் பெயர் வராது. மண்டபத்துக்குள் தங்களுக்குள்ளேயே நடத்தும் ‘ரேட்டிங் போட்டி’யால் இது எதுவும் நடக்காது. போட்டிக்குக் காசு கட்டுமுன் ஃபிடே பக்கத்தில் அதன் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

மிக மோசமானது அந்தப் பிடிஎஃப். ‘தோற்காத தொடக்கம்’ என்ற பெயரில் இருப்பது பழைய நான்கு நகர்த்தல் மேட் (அரசனைத் தப்பவிடாமல் மடக்கி ஆட்டத்தை முடிப்பது): வெள்ளைச் சிப்பாய் இ4 கட்டத்துக்கு, பிஷப் சி4க்கு, ராணி எச்5க்கு, பிறகு எஃப்7இல் மேட். கறுப்பு மூன்றாவது நகர்த்தலில் ஜி6 என்று சிப்பாயைத் தள்ளினால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. ராணி எஃப்3க்குப் பின்வாங்கி மறுபடி மேட் மிரட்டும். கறுப்புக் குதிரை எஃப்6க்கு வந்ததும் அதுவும் முடிந்தது. வெள்ளைக் குதிரைக்கு உரிய எஃப்3 கட்டத்தில் ராணி குந்தியிருக்கும், வெள்ளையின் காய்கள் வெளியே வரத் தடுமாறும். இதையே மூன்று மாதம் பழகியவருக்கு ஆட்டம் ஒரு அடிகூட நகராது.

பெரியவர்கள் தோற்பது பெரும்பாலும் தொடக்கத்தால் அல்ல. காயைக் காவலின்றி விடுவதாலும், எதிராளியின் கடைசி நகர்த்தல் எதை மிரட்டுகிறது என்று பாராததாலும்தான். வேலை விட்டு வந்து களைத்த நேரத்தில் 3 நிமிட ஆட்டங்களை அடுக்கடுக்காக ஆடினால் அந்தப் பிழை இன்னும் ஊறிப்போகும். அதற்குப் பதில் கிழமைக்கு இரண்டு ஆட்டம், ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று வைத்து ஆடுங்கள். முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணிப்பு மென்பொருளைத் திறக்காமல், ஆட்டம் எந்த நகர்த்தலில் கைவிட்டுப் போனது என்று நீங்களே குறியுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். நாளுக்கு 20 நிமிடம் புதிர். விடை முழுவதையும் மனதில் கண்ட பிறகே காயைத் தொட வேண்டும், ஊகித்துத் தட்டினால் பயனில்லை. இதற்கு டேட்டாவைத் தவிர வேறு செலவில்லை.

ஆசிரியர் வேண்டுமென்றால், நீங்கள் தோற்ற ஓர் ஆட்டத்தைக் கொடுத்துப் பாருங்கள். நல்லவர் ‘இந்த இடத்தில் என்ன நினைத்து ஆடினீர்கள்?’ என்று கேட்பார். ஃபிடே பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டால் அவர் பெயரை ஃபிடே பட்டியலில் தேடுங்கள். எவராயிருந்தாலும் மாதம் மாதம் மட்டும் கட்டுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கிச் சீட்டையும் விளம்பரத்தையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வையுங்கள். காசைத் திருப்பித் தரும்படி திகதி குறித்து எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், பொலிஸிலும் முறைப்பாடு செய்யலாம். குழுவிலிருந்து உங்களை நீக்கும் முன்பே செய்திகளைப் படம் பிடித்துவிடுங்கள். கேள்வி கேட்டவர்களைத்தான் முதலில் நீக்குகிறார்கள்.