தோட்ட அறையின் தட்டைக் கூரை: வெப்பக்காப்பு என்ற பெயரில் நடந்த ஏமாற்று வேலை

மரச்சட்டங்களால் எழுப்பிய தோட்ட அறையின் தட்டைக் கூரைக்கு வெப்பக்காப்பு செய்துதர ஒப்புக்கொண்ட ஒப்பந்ததாரர் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலையைக் குறைத்ததோடு நில்லாமல், அதனால் விளைந்த கேட்டைச் சரிசெய்வதாகக் கூறி இரண்டாம் முறையும் பணம் வாங்கிக்கொண்டார். இதே வேலையைச் செய்ய எண்ணியிருப்பவர்கள் அறிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

பேசி முடித்தது இதுதான்: கூரைப் பலகையின் மேல் நீராவித் தடுப்புத் தாள், அதன்மேல் 100 மி.மீ. பி.ஐ.ஆர். (பாலிஐசோசயனுரேட்) எனும் வெப்பக்காப்பு நுரைப்பலகை, எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத ரப்பர் விரிப்பு. இப்படிச் செய்தால் மரம் முழுவதும் காப்புக்குக் கீழே, அறையின் வெப்பத்திலேயே இருக்கும். வேலை தொடங்கிய பின், கூரையின் உயரம் கூடிவிடும் என்றும், காப்பைச் சட்டங்களுக்கு இடையே வைத்தாலும் பலன் ஒன்றுதான் என்றும் அவர் சொன்னார். பலன் ஒன்றல்ல. சட்டங்களுக்கு இடையே வைப்பதானால், காப்புக்கும் மேற்பலகைக்கும் நடுவே குறைந்தது 50 மி.மீ. இடைவெளி விட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுப்போக்குக்கு வழி அமைத்து, காப்பின் அடிப்புறத்தில் நீராவித் தடுப்புத் தாளை இணைப்புகள் அனைத்தையும் நாடாவால் ஒட்டி மூட வேண்டும். அவர் இவற்றில் ஒன்றையும் செய்யாமல் சீலிங்கை அடைத்துவிட்டார்.

குளிர்காலம் வந்ததும் விளக்குத் துளைகளின் ஓரத்தில் நீர் சொட்டத் தொடங்கியது. விரிப்பில் கசிவு என்று தீர்ப்புச் சொன்ன ஒப்பந்ததாரர், மேலே இன்னொரு பூச்சுப் பூசித் தனியாகக் கட்டணம் பெற்றார். மழையே இல்லாத நாட்களில் கசிவு எப்படி வரும் என்று கேட்டதற்கு, பழைய நீர் மெதுவாக இறங்குகிறது என்றார். விளக்கம் சொல்லும் திறமையில் மட்டும் அவரிடம் குறை காண முடியாது.

உண்மையில் அந்த நீர் வெளியிலிருந்து வரவில்லை. 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட அறைக்காற்று, ஏறத்தாழ 12 பாகைக்குக் கீழே குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே அதிலுள்ள நீராவி நீராகப் படியும். குளிர்ந்த இரவில் கூரைப் பலகையின் அடிப்பரப்பு அதைவிடவும் குளிர்ந்துவிடும். விளக்குத் துளைகள் வழியே மேலேறும் காற்றுக்குத் தடுப்பும் இல்லை, வெளியேற வழியும் இல்லை.

வேறொரு தச்சரை அழைத்துச் சீலிங்கைத் திறந்தபோது, சில மி.மீ. தடிமனே உள்ள பளபளப்பான குமிழித் தாள் பலகையோடு ஒட்ட ஆணியடிக்கப்பட்டிருந்தது. அத்தகைய தாளின் எதிரொளிப்புப் பரப்புக்கு முன்னே காற்றிடைவெளி இருந்தால்தான் பயன் உண்டு. அதன்கீழ் கிளாஸ் வூல் எனும் கண்ணாடியிழைப் பஞ்சு நெருக்கித் திணிக்கப்பட்டு ஈரத்தில் ஊறிக் கிடந்தது. உலர்ந்த நிலையிலேயே அது பி.ஐ.ஆர். பலகை அதே தடிமனில் தரும் காப்பில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். மரத்தின் ஈரமோ, பூஞ்சை அரிப்புக்கு இடந்தரும் 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பலகை கறுத்து அடுக்கடுக்காகப் பிரிந்துவந்தது.

ஒப்பந்ததாரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மதிப்பீட்டுத் தாளில் 'கூரை வெப்பக்காப்பு, முழுமையாக' என்றுதானே இருக்கிறது, பொருளின் பெயர் எங்கே என்று திருப்பிக் கேட்டார். அந்த ஒற்றை வரிதான் அவருக்குக் கவசமாயிற்று. ஆகவே ஒவ்வோர் அடுக்கின் பொருள், தடிமன், இடம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். சீலிங் அடைபடுமுன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்த பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள்.

ஏற்கெனவே வேலை முடித்தவர்கள், மழையற்ற குளிர்காலையில் நீர் சொட்டுவதையோ விளக்கைச் சுற்றிக் கருங்கறை படர்வதையோ கண்டால், மேற்பூச்சுக்கு ஒப்புக்கொள்ளுமுன் மின்சாரத்தை நிறுத்தி ஒரு விளக்கைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிடுங்கள்.