பாங்காக்கில் மதியச் சாப்பாடு: ஃபுட் கோர்ட்டா, தாம் சாங்கா, காவ் கேங்கா?

வேலைக்காகப் பாங்காக் வந்து ஒற்றை அறை வீடு தேடுகிறவர்கள் சீக்கிரமே கவனிப்பார்கள், பல வீடுகளில் சமையலறையே இருக்காது. அந்த ஊரில் வெளியில் சாப்பிடுவது அன்றாட வழக்கம். மதியம் பசித்தால் மூன்று வழிகள் இருக்கின்றன: மாலுக்குள் இருக்கும் ஃபுட் கோர்ட், கேட்டதை அங்கேயே வதக்கித் தரும் ‘ஆஹான் தாம் சாங்’ கடை, காலையிலேயே சமைத்து ட்ரேக்களில் வரிசையாக வைத்திருக்கும் ‘காவ் கேங்’ கடை. இரவு பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் ‘செவன் இலெவன்’ மளிகைக் கடை இருக்கிறது, பாக்கெட் சாப்பாட்டைச் சூடாக்கியே தருவார்கள். அது அவசரத்துக்கு மட்டும்.

புதிதாக வந்தவருக்கு ஃபுட் கோர்ட் நல்ல தொடக்கம். அசோக் ரயில் ஸ்டேஷனை ஒட்டிய டெர்மினல் 21 மாலின் ‘பியர் 21’ இதற்குப் பேர்போனது. மாலுக்குள் இருந்தும் விலை தெருக்கடை அளவில்தான் இருக்கும். கவுன்டரில் பணம் கட்டி ஒரு அட்டை வாங்கிக்கொண்டு கடைகடையாகப் போகலாம், மீதியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஏசி உண்டு, படத்துடன் பெயர்ப்பலகை உண்டு. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் நான் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். ஆனால் ஒவ்வொரு கடையும் ஓரிரண்டு வகைகளை நம்பியே நடக்கிறது. கோழிச் சோறு, பாட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸ், நூடுல்ஸ் சூப் என்று ஒரு சுற்று முடிந்ததும் கை தானாகப் பழைய படத்தையே காட்டும்.

தாம் சாங் கடையில் ஒரு பெரிய வாணலி, சீறும் அடுப்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் காய்கறியும் இறைச்சியும். ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும். ‘பாட் கப்ராவ்’ கேட்டு, மேலே ஒரு பொரித்த முட்டையும் போடச் சொன்னால் சாதாரணக் கடையில் 50–70 பாத் (தாய்லாந்துப் பணம்) ஆகும். அதில் போடும் இலை நம் துளசியேதான். பூண்டும் மிளகாயும் தட்டி, சூடான எண்ணெயில் இறைச்சியோடு அதைப் புரட்டும்போது வரும் வாசனையை நம் வீட்டுத் துளசி மாடத்தை வைத்து யாரும் கற்பனை செய்ய முடியாது. காரம் குறைக்க ‘பெட் நிட் நொய்’ என்றால் போதும். இந்தக் கடையின் பலம் சூடும் சுதந்திரமும். சிக்கல் என்னவென்றால், பெயர் தெரிந்ததைத்தான் கேட்க முடியும். நாலு பெயர் தெரிந்தவர் வருஷம் முழுக்க அந்த நாலையே சாப்பிடுவார். நம்மவர்கள் பலர் இதிலேயே தங்கிவிடுகிறார்கள்.

அதனால்தான் என் ஓட்டு காவ் கேங் கடைக்கு. அங்கே பெயர் தெரிய வேண்டாம், விரலால் காட்டினால் போதும். சோற்றின் மேல் ஒரு குழம்பு என்றால் 40–50 பாத், இரண்டு என்றால் இன்னும் பத்து கூட. சுற்றுலாப் பயணி கண்ணில் படாத வீட்டுச் சமையல் முழுக்க அந்த ட்ரேக்களில் இருக்கிறது. பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டு, இனிப்புச் சாயலோடு கொதிக்கவிட்ட முட்டைக் குழம்பான ‘காய் பலோ’வை அங்கேதான் பார்ப்பீர்கள். மிளகாய் விழுதில் பீன்ஸை வதக்கிய ‘பாட் ப்ரிக் கிங்’, காரமே இல்லாத தெளிந்த சூப் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். முன்னால் நிற்பவர் எதையெதைச் சேர்த்து வாங்குகிறார் என்று கவனியுங்கள். காரமான ஒன்றோடு ஒரு ஆம்லெட்டோ சாதுவான பொரியலோ வாங்குவார். தாய் சாப்பாட்டின் சமன் எப்படி அமைகிறது என்பதை அந்த வரிசையில் நின்றே கற்றுக்கொள்ளலாம்.

தென்தாய்லாந்துக்காரர்கள் நடத்தும் காவ் கேங் கடை பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள். மஞ்சள் தூக்கலாக, புளிப்பும் உறைப்புமாக அவர்கள் வைக்கும் மீன் ‘கேங் சோம்’ நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ‘குவா க்ளிங்’ என்பது கொத்திய இறைச்சியை மசாலாவோடு ஈரம் வற்ற வதக்கி எடுப்பது, கண்ணில் நீர் வரும். மேசையில் வெள்ளரிக்காயும் பச்சை இலைகளும் இலவசமாக வைத்திருப்பார்கள், அந்தக் காரத்துக்கு அவை தேவை. மீன் குடலைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘கேங் தாய் ப்ளா’வை மட்டும் கொஞ்சமாக வாங்கிப் பாருங்கள்.

இதில் குறையும் உண்டு. குழம்பு விடியற்காலை சமைத்தது, சோறு மட்டும்தான் சூடாக இருக்கும். தேங்காய்ப்பால் சேர்த்தவை அந்த வெயிலில் மாலை வரை தாங்காது. பதினொரு மணிக்குப் போனால் ட்ரேக்கள் நிறைந்திருக்கும், இரண்டு மணிக்கு மேல் அடிமண்டிதான். கூட்டம் நெருக்கும் கடையாகப் பாருங்கள், அங்கே எதுவும் தேங்கி நிற்காது. ராத்திரிக்குச் சூடாக வேண்டுமென்றால் தாம் சாங் பக்கம் போவதே சரி.

சைவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். காவ் கேங் கடைக் குழம்புகளில் இறால் விழுது மசாலாவிலேயே அரைபட்டிருக்கும், வெறும் காயாகத் தெரிவதிலும் மீன் சாஸ் இருக்கும். தாம் சாங்கில் சாஸ் வேண்டாம் எனலாம், ஆனால் வாணலி ஒன்றுதான். சுத்த சைவத்தைக் குறிக்கும் ‘ஜே’ என்ற சொல்லை மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதிய கடைகளே நம்பகமானவை. அங்கே முட்டை மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. முஸ்லிம் நண்பர்கள் மசூதிப் பக்கத்து ஹலால் கடைகளுக்குப் போகலாம், ‘காவ் மோக் காய்’ என்ற கோழி பிரியாணி அங்கே நன்றாக இருக்கும்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், பெரும்பாலும் அக்டோபரில், ஜே திருவிழா வரும். அந்த ஒன்பது நாளும் காவ் கேங் கடைகள் பலவற்றில் மஞ்சள் கொடி கட்டி, ட்ரேக்களை ஜே சமையலால் நிரப்புவார்கள். சைவம் சாப்பிடும் நண்பர் எப்போது வரலாம் என்று கேட்டால் நான் சொல்வது அந்த வாரத்தைத்தான்.